சாலைக்குக் கிழக்கு

நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவன் நான். அப்படிப்பட்டவன் முன்பின் தெரியாதவர்கள் படிக்கும்படி எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக ஸ்டோரில் வேலை பார்க்கிறேன். போல்ட், வாஷர், ரப்பர் புஷ் இவற்றின் பெயரும் எண்ணிக்கையும்தான் இத்தனை காலம் நான் எழுதியவை. வாக்கியமாக எழுதியது லீவு லெட்டர் மட்டும். அதையும் பழைய லெட்டரைப் பார்த்துத்தான் எழுதுவேன்.

ஆனாலும் எழுதுகிறேன். மனை வாங்கி விற்று மேலே வந்தவர்கள் அதை எல்லோரிடமும் சொல்கிறார்கள். தடுக்கி விழுந்தவர்கள் வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை. அதனால் என்னைப் போன்ற இன்னொருவர் அதே இடத்தில் தடுக்கி விழுகிறார். எனக்கு நடந்தது ஒரு சின்ன எழுத்தில் வந்த வினை. அதைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

எங்கள் கம்பெனி பஸ் காலை ஐந்தரைக்குத் தாம்பரத்திலிருந்து கிளம்பும். அந்த பஸ்ஸில் நிலம் வாங்காதவன் நான் ஒருவன்தான் என்று வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டலூர் தாண்டுவதற்குள் இரண்டு மனை கைமாறிவிடும். பேச்சில்தான். எந்த ஏரிக்கு அந்தப் பக்கம் என்ன விலை, எந்த லேஅவுட்டில் ரோடு போட்டுவிட்டார்கள், யார் வாங்கிய மனை இரண்டு மடங்கு ஆனது, இதே பேச்சு. என் பக்கத்து சீட்டில் உட்காருபவர் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். கூடுவாஞ்சேரிப் பக்கம் இரண்டு முறை வாங்கி விற்றவர். எல்லோரையும் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்.

“சம்பளத்துல எவன் மச்சான் பெரிய ஆளானான்? ஞாயித்துக்கிழமை ஒருநாள் ஒதுக்கு. ஒண்ணு வாங்கு, ரெண்டு வருஷம் சும்மா வுடு, வித்துட்டு அடுத்தது வாங்கு. பார்ட் டைம் பிசினஸ். இதுக்கு நீ யார்கிட்டயும் பேசக்கூட வேணாம். நிலம் பேசுமா?” என்பார்.

யாரிடமும் பேச வேண்டாம் என்ற அந்த ஒரு வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

நாங்கள் இருப்பது செம்பாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், வாடகை வீட்டின் மாடிப் போர்ஷன். என் மனைவி பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிறாள். பி.எஃப். பணத்தில் கொஞ்சம் எடுத்து ஒரு மனை வாங்கலாமா என்று நான் கேட்டபோது, தையல் மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

“நீங்களா? காய்க்காரன்கிட்ட அரை கிலோ கத்திரிக்காய் வாங்கச் சொன்னா அவன் குடுக்கற சொத்தையை வாங்கிட்டு வருவீங்க. நீங்க நெலம் வாங்கப் போறீங்களா?”

அப்புறம் அவளே இறங்கி வந்தாள். ஒரே ஒரு கட்டளை போட்டாள். “வாங்கறதுன்னா கிழக்கு பார்த்த மனையா வாங்குங்க. நாம வீடு கட்டினாலும் சரி, வித்தாலும் சரி. கிழக்கு பார்த்ததுன்னா உடனே போகும்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்து இலவச வேனில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். கூடுவாஞ்சேரியைத் தாண்டி, உள்ளே திரும்பி, முன்பு நெல் விளைந்த வயல்களைச் சமப்படுத்திக் கல் நட்டிருந்த ஓர் இடத்தில் நிறுத்தினார்கள். நடுவில் செம்மண் சாலை. அது வடக்கே தார் ரோட்டிலிருந்து தெற்கே போனது. சாலையின் இரண்டு பக்கமும் மனைகள். கற்களில் எண் எழுதவில்லை. அடுத்த வாரம் எழுதிவிடுவோம் என்றார் புரோக்கர். வெயில் கொளுத்தியது. அவர் வேன் நிழலை விட்டு வெளியே வரவில்லை.

“சாருக்கு எந்த மாதிரி வேணும்? கூச்சப்படாம கேளுங்க சார், உங்க பணம், உங்க நெலம்” என்றார்.

சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அது போதும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. “கிழக்கு...” என்று மட்டும் சொன்னேன். ‘பார்த்த’ என்ற சொல் வெளியே வரவில்லை.

“கிழக்கா? சூப்பர் சார். கிழக்குப் பக்கம் முனையிலேர்ந்து அஞ்சாவது இன்னும் போகல. உங்களுக்குன்னே வச்சிருந்த மாதிரி கீது” என்று கையை நீட்டினார். அந்தக் கை இரண்டு வரிசைக்கும் நடுவே எங்கோ காட்டியது. நான் தலையாட்டினேன்.

பத்திரப் பதிவு அன்றும் இதே கதைதான். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுபவர், அச்சடித்த தாள்களை என் கையில் கொடுத்து, “படிச்சுப் பார்த்துக்குங்க, தப்பு இருந்தா இப்பவே சொல்லணும்” என்றார். எனக்குப் படிக்கத் தெரியும். ஆனால் மெதுவாகத்தான் படிப்பேன், உதடு அசையும். பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். என் பெயரும் அப்பா பெயரும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். மனையின் நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதிக்கு வந்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. “23 அடி அகலச் சாலைக்குக் கிழக்கு.” கிழக்கு என்ற சொல்லைப் பார்த்ததும் நிம்மதி. கிழக்கே சாலை இருக்கிறது, அப்படியென்றால் மனை கிழக்கு பார்த்தது. எல்லாம் சரி என்று கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு ஒரு புது வாழ்க்கையாக இருந்தன. காலை மின்சார ரயிலில் தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரிக்குப் போவேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கிழக்கே சாலை இருக்கும் மேற்கு வரிசைக்குப் போய், முனையிலிருந்து எண்ணி, ஐந்தாவது மனையில் நிற்பேன். பத்திரத்தில் “வாய்க்காலுக்கு மேற்கு” என்று இன்னொரு எல்லையும் இருந்தது. அந்த மனைக்குப் பின்னால் மேற்கே மழைத் தண்ணீர் ஓடும் ஒரு பள்ளமும் இருந்தது. வாய்க்கால் இதுதான், எல்லாம் பொருந்துகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தப்பாக நினைக்க ஆரம்பித்தவனுக்கு, பார்க்கிறதெல்லாம் அதற்கு ஏற்றபடியே தெரியும் போலிருக்கிறது.

சீமைக் கருவேல முள்ளை நானே வெட்டினேன். நாலு மூலையிலும் கருங்கல் தூண் நட்டு முள்கம்பி கட்டினேன். என் போன் நம்பரோடு ஒரு தகரப் பலகை வைத்தேன். ஒரு நாள் என் மனைவியும் வந்து நான்கு கல்லுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தாள். கற்களில் எண் எழுத அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. புரோக்கர் போன் எடுப்பதை நிறுத்தினார். பிறகு அந்த நம்பரே உபயோகத்தில் இல்லை என்று குரல் வந்தது. தாம்பரத்தில் இருந்த அவர்கள் ஆபீஸில் ஒரு நாள் பார்த்தால் பல் டாக்டர் கிளினிக் நடக்கிறது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் பத்திரம் பீரோவில் இருக்கிறது, வேலி போட்டாகிவிட்டது, என்ன ஆகிவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

லேஅவுட் வாசலில் ஒரு டீக்கடை. அதை நடத்தும் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். அந்த வயல்களில் ஒரு பங்கு முன்பு அவர்கள் குடும்பத்துடையது. நிலத்தை விற்றுவிட்டு மாடுகளை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் போனால் உரக்கச் சிரிப்பார்.

“வந்துட்டாருப்பா ஜமீன்தாரு! இன்னா சார், உன் நெலம் ஒரு வாரத்துல ஓடியா போவுது? கம்பி கட்டினே, பலகை வெச்சே. அடுத்த வாரம் இன்னா, தொட்டில் கட்டி ஆட்டப் போறியா?”

சிரித்துவிட்டு டீயை வாங்கிக்கொள்வேன். வெயில் ஏறினால் என் வேலிக்கு எதிரே, சாலையின் மறுபக்கம், அவர் மாடு கட்டும் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்து என் மனையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் வேலி போட்ட சில மாதத்தில் செங்கல் சுவர் வைத்து, மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்டு எழுப்பிய கொட்டகை. உள்ளே ஒரு பல்பு எரியும். அங்கே உட்கார்ந்திருந்த நேரங்களில்தான் என் வாழ்நாளில் நான் கொஞ்சம் பெருமையாக உணர்ந்தேன்.

இந்த மழைக்காலம் ஆரம்பிக்கும் முன்னால் பஸ்ஸில் என் நண்பர் பேச்சை ஆரம்பித்தார். அவர் மகளுக்கு ஒரு கிழக்கு பார்த்த மனை தேடுகிறார்.

“உன்னுதை எனக்கே குடுத்துடு மச்சான். வெளிய போற விலையை நான் தர்றேன். நீ அடுத்தது வாங்கு. இப்பதான் நீ ரூட்டுக்கு வர்றே.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் வேலியைச் சுற்றி நடந்தார், சாலையில் நின்று கிழக்கே பார்த்தார், திருப்தி என்றார். வியாழக்கிழமை அட்வான்ஸ் தருவதாகப் பேச்சு. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு காரியத்தை நான் ஆரம்பித்து நானே முடிக்கப் போகிறேன் என்ற நினைப்பு. அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லும்போது என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஸ்டோரில் இருக்கும்போது போன் வந்தது. தெரியாத நம்பர்.

“சார், யாரு பேசறீங்க?”

நீங்கள்தானே கூப்பிட்டீர்கள் என்று கேட்க வேண்டியதுதானே. என் பெயரைச் சொன்னேன்.

“சார், என் மனைல உங்க போர்டு கீது. வேலி போட்டுகினு கீறீங்க. மனை வாங்கிட்டுத் திரும்ப துபாய்க்கு வண்டி ஓட்டப் போனவன், ரெண்டு வருஷம் கழிச்சு இப்பதான் லீவுல வந்தேன். யாரைக் கேட்டு சார் வேலி போட்டீங்க?”

“அது... என் மனைங்க” என்றேன்.

“உங்க மனையா? பத்திரம் என் கைல கீது சார். ஞாயித்துக்கிழமை வாங்க. வரலைன்னா நேரா ஸ்டேஷன்தான்.”

போனை வைத்த பிறகு ரப்பர் புஷ் டப்பாவை மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் வேறு வேறு எண்ணிக்கை வந்தது.

பயம் எனக்குப் புதிதில்லை. சூப்பர்வைசர் கூப்பிட்டால் பயம், வீட்டுக்காரர் மாடிப்படி ஏறினால் பயம். ஆனால் இது வேறு விதம். அதெல்லாம் வந்து போகும். இது போகவில்லை. சாப்பிடும்போது இலையில் உட்கார்ந்திருந்தது. பல் தேய்க்கும்போது கண்ணாடியில் நின்றது. ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பஸ்ஸில் அப்படி எத்தனை கதை கேட்டிருக்கிறேன். எல்லாம் எவனுக்கோ நடந்த கதை. அந்த எவனோ இப்போது நான். இருபத்திரண்டு வருட உழைப்பில் மிச்சம் பிடித்தது அந்த ஒரு துண்டு நிலம்தான். அது எனக்கு இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை.

மனைவியிடம் சொல்லவில்லை. போன் அடித்தால் கவிழ்த்து வைத்தேன். “என்னங்க, யாரு?” என்று அவள் கேட்டால் லோன் கம்பெனிக்காரன் என்றேன்.

புதன்கிழமை பஸ்ஸில் நண்பரிடம், வேறு யாருக்கோ நடந்த மாதிரி மெல்லக் கேட்டேன்.

“ஒரே மனைக்கு ரெண்டு பேர் பத்திரம் வச்சிருந்தா என்ன ஆகும்?”

அவர் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். “யார் முன்னாடி ரிஜிஸ்டர் பண்ணானோ அவன் பொழைச்சான். இன்னொருத்தன் கோர்ட்டுக்குச் செருப்பு தேய நடக்கணும். அதைவிட மோசம், தெரிஞ்சோ தெரியாமலோ அவன் அதை மூணாவது ஆளுக்கு வித்தான்னு வை. மோசடி கேஸு. கம்பி எண்ணணும்.” பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். “ஏன் மச்சான், யாருக்கு?”

“சொந்தக்காரங்க ஒருத்தருக்கு” என்றேன். வியாழக்கிழமை அட்வான்ஸ் கொடுக்க வந்தபோது, நல்ல நாள் பார்த்து வாங்கிக்கொள்கிறேன் என்று தள்ளிப்போட்டேன். அவர் முகம் மாறியது. வேறு யாரோ கூடக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். “என்ன மச்சான், நீயும் வியாபாரி ஆயிட்டே” என்றார். அது எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. திருடன் என்ற பெயரைவிடப் பேராசைக்காரன் என்ற பெயர் பரவாயில்லை என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தேன். நிலத்தின் மேல் யார் யார் பெயரில் பதிவு நடந்திருக்கிறது என்று காட்டும் சான்று அது. என் மனை எண்ணுக்கு நேரே என் பெயர் மட்டும்தான் இருந்தது. அதற்குப் பிறகு எந்தப் பதிவும் இல்லை. அதைப் பார்த்து நிம்மதி வர வேண்டும். வரவில்லை. அப்படியென்றால் அந்த ஆள் யார்? பத்திரமே இல்லாமல் மிரட்டி நிலத்தைப் பிடுங்குகிற கூட்டமா? ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேரோடு வருவான்? ஒவ்வொரு பதிலும் முந்தைய பயத்தைவிடப் பெரிய பயத்தைக் கொண்டுவந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்திரத்தை ஒரு துணிப்பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். வழக்கம்போல மனையைப் பார்க்கத்தான் போவதாக மனைவியிடம் சொல்லியிருந்தேன். ஊரப்பாக்கத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. கதவருகே வரை போய்விட்டேன். கூட்டம் ஏறியதில் உள்ளே தள்ளப்பட்டுவிட்டேன். என் தைரியத்துக்கு அதுதான் காரணம்.

போன் செய்தவர் தனியாகத்தான் வந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள். பைக்கில் சாய்ந்துகொண்டு, கையில் பிளாஸ்டிக் கவரில் பத்திரம். என் தகரப் பலகையைப் பிடுங்கித் தரையில் போட்டிருந்தார். டீக்கடை அம்மா கையில் துணியோடு வேடிக்கை பார்க்க வந்து நின்றார்.

“நீங்கதானா அது?” என்று பைக்கில் சாய்ந்திருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ரவுடியை எதிர்பார்த்து வந்திருப்பார் போல. குரல் கொஞ்சம் இறங்கியது. “இன்னாண்ணா இது? நான் அங்க வெயில்ல வண்டி ஓட்டி வாங்கின மனைல நீ பாட்டுக்குக் கம்பி கட்டி வெச்சிருக்கே. மஞ்சள் குங்குமம் வேற!”

நான் என் பத்திரத்தை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கி வேகமாகப் படித்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். தன் பத்திரத்தைப் பிரித்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“அண்ணா, உன் நம்பர் வேற, என் நம்பர் வேற. இங்க பாரு. எனக்குச் சாலைக்கு மேற்குன்னு போட்டுகீது. உனக்குச் சாலைக்குக் கிழக்கு.”

“அதான், கிழக்கு பார்த்த மனை. கிழக்கே சாலை” என்றேன். ஒரு வாரத்தில் நான் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

டீக்கடை அம்மா சிரித்த சிரிப்பில் மின்கம்பத்தில் இருந்த காக்கை பறந்தது. “அய்ய, இன்னா சார் நீ! சாலைக்குக் கிழக்குன்னா, சாலைக்குக் கிழக்கால உன் மனை கீதுன்னு அர்த்தம். எங்க வூடு கோயிலுக்குத் தெற்குன்னு சொன்னா, கோயில் எங்க கீது? எனக்கு வடக்கால கீது. பத்திரத்துல எழுதறது எல்லாமே அப்டித்தான். எங்கப்பா காலத்துலேர்ந்து இதான். இத்தப் போயி...”

பத்திரத்தை வாங்கி அந்த வரியை மறுபடி பார்த்தேன். சாலைக்குக் கிழக்கு. அந்த ‘க்கு’வை நான் தலைகீழாகப் படித்திருக்கிறேன். கிழக்கு என்பது சாலை இருக்கும் திசை இல்லை, என் மனை இருக்கும் திசை. வேன் நிழலில் புரோக்கர் கிழக்குப் பக்கம் என்று சொன்னதும் அதுதான். நான் கேட்டதைத்தான் அவர் கொடுத்திருக்கிறார். பாதி வாக்கியத்தைக் கேட்டேன், பாதிக்கு ஏற்ற மனை கிடைத்தது. கிழக்குப் பக்கத்து மனை மேற்கு பார்த்தது.

இரண்டு வருடம் அடுத்தவர் மனைக்கு முள் வெட்டியிருக்கிறேன். அடுத்தவர் மனையை நண்பருக்கு விற்க நாள் பார்த்திருக்கிறேன். வியாழக்கிழமை அந்த அட்வான்ஸை வாங்கியிருந்தால் நான் மோசடிக்காரன் ஆகியிருப்பேன். சாலை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

துபாய்க்காரர் பைக்கில் இருந்த தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். “வுடுண்ணா. எனக்கு வேலி லாபம்தான். முள்ளெல்லாம் சுத்தமா வெட்டிக் குடுத்திருக்கே” என்றார். அவர் கோபம் போய்விட்டது. பலகையைக்கூட அவரே எடுத்து மண்ணைத் தட்டி என்னிடம் கொடுத்தார்.

பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் சாலையின் எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தோம். முனையிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதில் செங்கல் சுவரோடு மாட்டுக் கொட்டகை நின்றது. அதற்குப் பின்னால், கிழக்கே, உண்மையான வாய்க்கால்.

டீக்கடை அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. கையிலிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“அது எங்க கொட்டகை” என்றார்.

“அக்கா, அது இவர் மனை” என்றார் துபாய்க்காரர்.

“யாரு மனைன்னு எனக்கு இன்னா தெரியும்? ரெண்டு வருஷமா ஒருத்தரும் எட்டிப் பாக்கல. ஒரு வேலி உண்டா, பலகை உண்டா? இவுரு வாரா வாரம் வந்து அந்தாண்ட மனைக்குத்தான் பொட்டு வெச்சாரு. என் கொட்டகை நெழல்லயே குந்திகினு டீ குடிச்சாரு. எந்திரிச்சு ஒரு வார்த்தை கேட்டாரா, யம்மா இது யாருதுன்னு? கரண்டு கூட வாங்கிட்டோம் எங்க வூட்டுக்காரர் பேர்ல.”

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. அந்தப் பல்பு. கொட்டகை கட்டி மின் இணைப்பும் வாங்கிவிட்டால், அனுபவத்தில் இருக்கிறோம் என்று ஆரம்பித்து, கோர்ட்டில் பத்துப் பதினைந்து வருடம் இழுப்பார்கள் என்று பஸ்ஸில் கேட்டிருக்கிறேன். அவர்கள் ஊர் அது. அவர்கள் ஆட்கள் நாலு தெருவில் இருக்கிறார்கள். எனக்கு ஒரு துணிப்பை இருக்கிறது. மாடுகள் என்னைப் பார்த்து அசை போட்டன.

“கோர்ட்டு கேசுன்னு போவியா சார்?” என்று கேட்டார். மிரட்டலாகக் கேட்கவில்லை. அவர் கண் மாடுகள் மேலேயே இருந்தது. அப்போதுதான் பார்த்தேன், அந்த அம்மாவும் பயந்திருக்கிறார். அந்தக் கொட்டகை போனால் மாடு கட்ட வேறு இடம் இல்லை. இருந்த நிலத்தைத்தான் எங்களுக்கு விற்றுவிட்டார்களே.

அந்த நேரத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு வந்துவிடத்தான் உடம்பு துடித்தது. ரயிலைப் பிடித்து, வீட்டுக்குப் போய், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வராமலே இருந்துவிட்டால் என்ன? என்னால் அது முடியும். வாழ்நாள் பூராவும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். துபாய்க்காரர் மெல்ல, “அண்ணா, சொல்லு. நீதான் சொல்லணும்” என்றார்.

“யம்மா, அது என் மனைதான்” என்றேன். “எனக்கு வேற எதுவும் இல்ல. சர்வேயரை வெச்சு அளந்துக்கலாம். அளந்து என்னுதுன்னு வந்தா, நீங்க எடுத்துடணும். மழை முடியற வரைக்கும் மாடு இருக்கட்டும். ஆனா அது என்னுதுதான்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடணும். கரண்டையும் எடுத்துடணும்.”

எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேச வருமா உனக்கு? நான் ஊமைன்னு இல்ல நெனச்சேன்” என்றார். பிறகு, “எங்க வூட்டுக்காரரைக் கேக்கணும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடைக்குப் போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போனைக் கவிழ்த்து வைத்தது முதல், அந்த ‘க்கு’ வரை. பத்திரத்தை வாங்கி அந்த வரியை அவள் இரண்டு முறை படித்தாள். “எனக்கும் கிழக்கே ரோடுன்னுதாங்க தோணுது” என்றாள். அந்த வார்த்தையை நான் எப்போதும் மறக்க மாட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, “அவங்க எழுதித் தரலைன்னா?” என்று கேட்டாள். நண்பருக்கு போன் செய்து உண்மையைச் சொன்னேன். “மேற்கு பாத்ததா? எனக்கு வேணாம் மச்சான்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுத் தாலுகா அலுவலகத்துக்குப் போய் நிலத்தை அளக்க மனு கொடுத்தேன். இந்த முறை எல்லைகளை வாய்விட்டுப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். சர்வேயர் வர ஒன்றரை மாதம் ஆகும் என்றார்கள். மதியம் டீக்கடை அம்மாவின் வீட்டுக்காரர் போன் செய்தார். சர்வேயர் வரட்டும், அளந்த பிறகு பேசலாம் என்றார். இதை எழுதும் இன்று வரை சர்வேயர் வரவில்லை.